பொருளுக்குக் கடவுச் சீட்டு: பேனா யார் கையில்?

அய்யலூர் ஆட்டுச் சந்தைக்குச் சென்றவர்கள் அறிவார்கள். வியாழக்கிழமை பொழுது புலரும் முன்பே அங்கே வியாபாரம் களைகட்டிவிடும். ஆடு வாங்க வருகிறவர் எடுத்த எடுப்பில் விலை கேட்பதில்லை. ஆட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார். இரண்டு பல்லா, நாலு பல்லா என்று எண்ணி வயதைக் கணிக்கிறார். முதுகைத் தடவிப் பார்க்கிறார். அதன் பின்னரே பேரம். விற்பவர் என்னதான் புகழ்ந்து பேசினாலும் பல் பொய் சொல்லாது என்பது சந்தையின் நம்பிக்கை. ஆடு தன் வரலாற்றைத் தன் வாயிலேயே சுமந்து வருகிறது.

ஒரு சட்டைக்கு அப்படிப் பல் இல்லை. அதன் பஞ்சு எந்த மண்ணில் விளைந்தது, எந்த மில்லில் நூலானது, எந்தப் பட்டறையில் சாயம் ஏறியது, அந்தச் சாயநீர் எந்த ஆற்றில் கலந்தது என்பதையெல்லாம் சட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாலும் கண்டுகொள்ள முடியாது. வாங்குகிறவர் விலையைப் பார்க்கிறார், நிறத்தைப் பார்க்கிறார், பையில் போட்டுக்கொண்டு போகிறார். இந்த நிலையை மாற்றுவதற்காக ஐரோப்பிய நாடுகள் ஒரு சட்டம் இயற்றியிருக்கின்றன. இனி ஒவ்வொரு பொருளும் தன் பிறப்பையும் வளர்ப்பையும் சொல்லும் ஒரு சீட்டோடு வர வேண்டும் என்பது அதன் சாரம். ஆங்கிலத்தில் 'டிஜிட்டல் புராடக்ட் பாஸ்போர்ட்' என்கிறார்கள். நாம் அதைப் பொருளின் கடவுச் சீட்டு என்று அழைக்கலாம்.

எங்கோ பிரசெல்ஸ் நகரில் இயற்றிய சட்டத்துக்கும் நம் வடமதுரைக்கும் என்ன தொடர்பு என்று நண்பர்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. நெருங்கிய தொடர்பு உண்டு. அதை எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

புலிச் சின்னம் முதல் புள்ளிக் கட்டம் வரை

பொருளுக்கு முத்திரையிட்டு அனுப்புவது தமிழனுக்குப் புதிதல்ல. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகக் காட்சி ஒன்று வருகிறது. கடல் வழியே வந்த பொருளையும் கடல் வழியே போகும் பொருளையும் சோழனின் அலுவலர்கள் அளந்து, புலிச் சின்னம் பொறித்து அனுப்புகிறார்கள். அந்தப் பொறி எதைச் சொல்லிற்று? இப்பொருள் இத்துறையைக் கடந்தது, அரசு இதைக் கண்டது என்று சொல்லிற்று. அதற்கு மேல் அது பேசவில்லை.

இன்றைய முத்திரை நிறையப் பேசுகிறது. 2024 ஜூலை 18-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் (நீடித்து உழைக்கும் பொருள்களுக்கான வடிவமைப்புச் சட்டம், எண் 2024/1781) சொல்லும் முறை இதுதான். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அடையாள எண் இருக்கும். பொருளின் மீதோ, உறையின் மீதோ, உடன் வரும் தாளிலோ கறுப்பு வெள்ளைப் புள்ளிக் கட்டம், அதாவது கியூ.ஆர். கோடு, போன்ற ஒரு குறி இருக்கும். கைப்பேசியால் அதைப் படித்தால் அப்பொருளின் விவரங்கள் கண்முன் விரியும். என்ன இழை, எங்கே செய்தது, என்ன இரசாயனம் சேர்ந்தது, எப்படிப் பழுது பார்ப்பது, பயன் தீர்ந்த பின் எப்படி மறுபடி மூலப்பொருளாக்குவது என்பன போன்றவை அதிலே இடம்பெறும். விற்ற கம்பெனி நாளை மூடிப்போனாலும் விவரம் அழியக் கூடாது என்பதற்காக ஒரு நகல் வேறிடத்தில் காக்கப்பட வேண்டும். அடையாள எண்களைச் சேர்த்து வைக்கும் பொதுப் பதிவகத்தை ஐரோப்பிய ஆணையம் அமைப்பதற்குச் சட்டம் குறித்த கெடு 2026 ஜூலை 19. சுங்கச் சாவடியில் அந்தப் பதிவகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பொருள் உள்ளே போகும்.

எல்லாப் பொருளுக்கும் ஒரே நாளில் இது வந்துவிடாது. மின்வண்டிகளின் பாட்டரிக்கும் பெரிய தொழிற்சாலை பாட்டரிக்கும் வேறொரு சட்டத்தின்படி 2027 பிப்ரவரி 18 முதல் கடவுச் சீட்டு கட்டாயம். 2025 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம் வெளியிட்ட ஐந்தாண்டுத் திட்டத்திலே இரும்பு, அலுமினியம், டயர், மேசை நாற்காலி, மெத்தை ஆகியவற்றோடு ஆடையும் முன்வரிசையில் நிற்கிறது. ஆடைக்கான தனி விதிகளை 2027-இல் கொண்டுவருவது அத்திட்டத்தின் குறிக்கோள். விதி வந்த பிறகு பொதுவாகப் பதினெட்டு மாதமாவது அவகாசம் உண்டு. சிறு வியாபாரி என்பதற்காகக் கடவுச் சீட்டிலிருந்து பொதுவான விலக்கு எதுவும் இல்லை.

ஆடை என்றவுடன் நம் மாவட்டம் நினைவுக்கு வர வேண்டும். வடமதுரை, வேடசந்தூர் வட்டாரத்திலே நூற்பாலைகள் எத்தனை! ஷிப்டு மாறும் வேளையில் பெண்களை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகச் செல்லும் மில் வண்டிகளை நாம் நாள்தோறும் காண்கிறோம். சின்னாளப்பட்டியின் சுங்குடிச் சேலை தமிழ்நாடு முழுவதும் பெயர் பெற்றது. இங்கே நூலாகும் பஞ்சு திருப்பூர் வழியாகவும் பிற ஊர்கள் வழியாகவும் உலகெங்கும் போகிறது.

ஒரு மாணவியின் கதை

என்னிடம் வணிகவியல் பயின்ற மாணவி ஒருத்தி, பட்டம் பெற்றுத் திருமணமான பின், வீட்டிலேயே இரண்டு தையல் எந்திரங்களைப் போட்டுக்கொண்டு சுங்குடித் துணியில் பெண்களுக்கான மேலாடைகளும் குழந்தைகளுக்கான கவுன்களும் தைத்து விற்று வந்தாள். உள்ளூர்க் கடைக்கல்ல, இணையச் சந்தைக்கு. படம் எடுத்துப் போடுவாள்; ஜெர்மனியிலிருந்தும் பிரான்சிலிருந்தும் ஆர்டர் வரும்; அஞ்சலில் அனுப்புவாள். மாதத்துக்கு இருபது, முப்பது உருப்படிகள். பெரிய வியாபாரம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவருக்கு அதனால் கூலி கிடைத்தது.

2024 டிசம்பர் 13 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதுப் பொருள் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இணையத்தில் விற்கும் ஒவ்வொரு பொருளுக்கும் செய்தவர் பெயர், அஞ்சல் முகவரி, மின்னஞ்சல் முகவரி ஆகியவற்றைக் காட்ட வேண்டும். ஐரோப்பாவுக்குள்ளேயே பொறுப்பேற்கும் ஒருவர் இருக்க வேண்டும் என்றது அச்சட்டம். அவள் ஒருநாள் என்னிடம் வந்து கேட்டாள்: "சார், அங்கே எனக்காகப் பொறுப்பேற்க யார் இருக்கிறார்கள்? சொந்தக்காரர் யாரும் இல்லையே!" அப்படிப் பொறுப்பேற்பதைத் தொழிலாகச் செய்யும் கம்பெனிகள் உண்டு, ஆண்டுக் கட்டணம் கேட்கிறார்கள். அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். கட்டவில்லை. ஐரோப்பாவுக்கு விற்பதை நிறுத்திவிட்டாள். அவள் மட்டுமா? இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் உள்ள கைவினைச் சிறு விற்பனையாளர் பலரும் அந்நாளில் இதே முடிவுக்குத்தான் வந்தார்கள்.

பெயரும் முகவரியும் கேட்டபோதே இப்படி. நாளை கடவுச் சீட்டு கேட்கும்போது எப்படியிருக்கும்? பொருளின் முழு வரலாற்றையும் அல்லவா கேட்பார்கள்! தன் பெயரில் தைத்து விற்கிறவளே சட்டத்தின் கண்ணில் உற்பத்தியாளர். ஆகவே கடவுச் சீட்டுக்கும் அவளே பொறுப்பு. அவள் கையிலே பேனாவைக் கொடுத்து எழுது என்கிறார்கள். அவளுக்கு என்ன தெரியும்?

பேல் முதல் பெட்டி வரை

இதைப் புரிந்துகொள்ள ஒரு துணி நடந்து வரும் பாதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

தமிழ்நாட்டின் நூற்பாலைகளுக்கு வேண்டிய பஞ்சில் பெரும்பகுதி இங்கே விளைவதில்லை. குஜராத், மகாராஷ்டிரம், தெலங்கானா ஆகிய இடங்களிலிருந்து வருகிறது, வெளிநாட்டிலிருந்தும் வருகிறது. ஜின்னிங் ஆலையிலே கொட்டை நீக்கி, அழுத்தி, 170 கிலோ எடையுள்ள பேலாகக் கட்டுகிறார்கள். பேலின் மேல் ஆலையின் குறியும் எண்ணும் இருக்கும். இதுவரை பஞ்சுக்கு ஊர் உண்டு, பெயர் உண்டு.

மில்லுக்கு வந்ததும் கதை மாறுகிறது. புளோ ரூம் என்னும் முதற்கூடத்திலே பல ஊர்ப் பேல்களை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகப் பஞ்சை எடுத்துக் கலக்கிறார்கள். இதற்கு மிக்சிங் என்று பெயர். இழையின் நீளமும் மென்மையும் நிறமும் ஊருக்கு ஊர் மாறும். கலக்காவிட்டால் நூல் ஒரே சீராக வராது. ஆகவே இதிலே தவறேதும் இல்லை. இது தொழிலின் தேவை. ஆனால் அந்தக் கணத்தில் பஞ்சு தன் ஊர்ப் பெயரை இழக்கிறது. எந்த லாட்டில் எந்தெந்தப் பேல் கலந்தது என்பது மில்லின் கணக்குப் புத்தகத்துக்கு மட்டுமே தெரியும்.

பிறகு நூல் கோனாகச் சுற்றப்பட்டு வியாபாரியிடம் போகிறது. வியாபாரி தறிக்காரருக்கு விற்கிறார். தறியில் நெய்த துணி சாயப்பட்டறைக்குப் போகிறது. அங்கிருந்து மொத்த வியாபாரி, அவரிடமிருந்து சில்லறைக் கடை. என் மாணவி அந்தக் கடையில் பத்து மீட்டர் துணி எடுக்கிறாள். கடைக்காரர் தரும் பில்லிலே என்ன இருக்கிறது? மீட்டர், விலை, வரி. அவ்வளவுதான். நூல் எந்த மில், சாயம் எந்தப் பட்டறை என்று கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். அவருக்கே தெரியாது. தெரிந்த மொத்த வியாபாரியோ சொல்ல மாட்டார். சொன்னால் அடுத்த முறை இவள் நேரே பட்டறைக்குப் போய்விடுவாளே என்ற அச்சம் அவருக்கு.

ஆக, பார்த்தவர் ஒருவர், சாட்சி சொல்பவர் வேறொருவர். நீதிமன்றத்திலே இதை ஏற்பார்களா? நேரில் கண்டவரே சாட்சி சொல்ல வேண்டும் என்பதல்லவா நெறி? கடவுச் சீட்டின் குறை இங்கேதான் இருக்கிறது. கேட்கப்படும் கேள்விகள் நியாயமானவை. பதில் எழுதும் பேனாவை மட்டும் சங்கிலியின் கடைசியிலே நிற்கிறவர் கையில் கொடுத்துவிட்டார்கள். சங்கிலியின் மேற்கண்ணிகளில் உள்ளோரும் விவரம் தந்துதவ வேண்டும் என்று அச்சட்டம் எதிர்பார்ப்பது உண்மையே. ஆனால் பிரசெல்ஸின் கட்டளையைக் காட்டி வடமதுரைப் பகுதி மில் வாசலிலே ஒரு தையற்காரப் பெண் விவரம் கேட்டு வாங்கிவிட முடியுமா?

நூலின் நம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். 840 கெஜ நீளமுள்ள சிட்டம் நாற்பது சேர்ந்து ஒரு பவுண்டு எடை இருந்தால் அது 40-ஆம் நம்பர் நூல். கோனின் மேல் 40 என்று எழுதுவது யார்? மில். தறிக்காரர் அதை நம்பி வாங்குகிறார். ஐயம் வந்தால் சோதித்துப் பார்க்கிறார். தைக்கிறவளிடம் யாரும் நூலின் நம்பருக்கு உறுதிமொழி கேட்பதில்லை. உண்மை எங்கே பிறக்கிறதோ அங்கேயே எழுதப்படுகிறது. பிறகு பொருளோடு கூடவே நடந்து வருகிறது. நம்பருக்கு உள்ள இந்த ஏற்பாடு பஞ்சின் ஊருக்கும் சாயத்தின் தன்மைக்கும் ஏன் இருக்கக் கூடாது?

செலவையும் பாருங்கள். ஒரு பேச்சுக்கு, ஒரு வகை ஆடைக்குக் கடவுச் சீட்டு தயாரிக்கப் பத்தாயிரம் ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐம்பதாயிரம் சட்டை ஏற்றுமதி செய்யும் பெரிய கம்பெனிக்குச் சட்டை ஒன்றுக்கு இருபது காசு. ஐம்பது சட்டை தைக்கும் பெண்ணுக்குச் சட்டை ஒன்றுக்கு இருநூறு ரூபாய். சட்டம் இருவருக்கும் ஒன்றே, சுமை ஒன்றா? தெரியாத விவரத்தைத் தேடும் சுமையும் அவளுக்கே, தெரிந்த விவரத்தைப் பதியும் செலவும் அவளுக்கே மிகுதி என்றால், அவள் இரண்டில் ஒன்றைத்தான் செய்வாள். கடையை மூடுவாள், அல்லது வாய்க்கு வந்ததை எழுதுவாள். இரண்டாலும் ஐரோப்பாவுக்கும் நன்மை இல்லை, நமக்கும் நன்மை இல்லை.

இது வெள்ளைக்காரன் சூழ்ச்சியா?

இதைக் கேட்டதும் நம்மில் சிலர் கொதித்தெழுகிறார்கள். "நம் பொருளை உள்ளே விடாமல் தடுக்க அவர்கள் செய்யும் சூழ்ச்சி இது. நாம் ஏன் பணிய வேண்டும்?" என்கிறார்கள். இக்கூற்றில் சிறிது உண்மை இருக்கலாம். சுங்க வரியால் தடுக்க முடியாததைத் தாளால் தடுப்பது பழைய வித்தைதான். ஆயினும் அக்கருத்தை நான் முழுவதும் ஏற்பதற்கில்லை.

சாயத்தின் வரலாற்றைப் பாருங்கள். சில வகை அசோ சாயங்களிலிருந்து புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் வெளிப்படுகின்றன என்பதால் ஜெர்மனி 1994-இல் அவற்றுக்குத் தடை கொண்டுவந்தது. அன்றும் இங்கே எதிர்ப்புக் குரல் எழுந்தது. பிறகு 1997-இல் இந்திய அரசே அத்தகைய சாயங்களைத் தடை செய்தது. அத்தடையால் யார் பிழைத்தார்கள்? ஜெர்மானியர் அந்தத் துணியை உடுத்தினார்கள், உண்மை. ஆனால் அந்தச் சாயத்தில் முழங்கை வரை கையை நனைத்துக்கொண்டு நின்றவர் நம் பட்டறைத் தொழிலாளி அல்லவா?

ஊருக்கு அருகிலேயே வருவோம். திண்டுக்கல்லின் தோல் பதனிடும் தொழில் பலருக்குச் சோறு போட்டது. அதன் கழிவுநீர் நிலத்தடி நீரையும் குடகனாற்றையும் என்ன செய்தது என்பதைக் கரையோர உழவர்களைக் கேட்டால் சொல்வார்கள். 1996 ஆகஸ்டில் வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கிலே உச்ச நீதிமன்றம் புகழ்பெற்ற தீர்ப்பொன்றை வழங்கிற்று. அசுத்தம் செய்தவரே அதற்கு விலை தர வேண்டும் என்ற நெறியை நிலைநாட்டிய அத்தீர்ப்பிலே, தோல் ஆலைகள் மிகுந்த மாவட்டங்களின் வரிசையில் திண்டுக்கல்லும் இருந்தது. பதனிட்ட தோல் கப்பலேறிப் போய்விட்டது. உப்பு மட்டும் நம் கிணற்றில் தங்கிவிட்டது. அன்றைக்கே அந்தத் தோலோடு ஒரு சீட்டு போயிருந்தால், அதிலே கிணற்று நீரின் கதையும் எழுதியிருந்தால், நீதிமன்றம் போகும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை அன்றோ?

எனவே கடவுச் சீட்டு கேட்கும் கேள்விகள் அவர்களுடைய கேள்விகள் மட்டுமல்ல. நாம் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள். நாம் கேட்கத் தவறியதால் அவர்கள் கேட்கிறார்கள்.

சீட்டில் இல்லாத ஒரு வரி

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தச் சீட்டு பஞ்சைப் பற்றிக் கேட்கிறது, சாயத்தைப் பற்றிக் கேட்கிறது, கிழிந்தால் தைப்பது எப்படி என்று கேட்கிறது. தைத்தவளைப் பற்றி அது பெரும்பாலும் பேசவில்லை. சட்டத்தின் நோக்கம் சுற்றுச்சூழலைச் சார்ந்தது.

ஆனால் நம் மாவட்டத்தின் பெயர் உலகத் தொழிலாளர் வரலாற்றில் ஏறியது சுற்றுச்சூழலால் அல்ல. 2021 ஜனவரியில் இங்குள்ள ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையின் இளம் பெண் தொழிலாளி ஒருத்தி கொலையுண்டாள். அவளுக்கு மேற்பார்வையாளனாக இருந்தவனே குற்றம் சாட்டப்பட்டான். அந்தத் துயரத்திலிருந்து எழுந்த போராட்டத்தின் விளைவாக, பெண்கள் தலைமை தாங்கும் தொழிற்சங்கம், ஆலை நிர்வாகம், வெளிநாட்டு ஆடைக் கம்பெனிகள் ஆகியோர் 2022-இல் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். 'திண்டுக்கல் ஒப்பந்தம்' என்றே அதற்குப் பெயர். வேலையிடத்தில் பெண்கள் மீதான வன்முறையையும் தொல்லையையும் ஒழிப்பது அதன் குறிக்கோள். பெண் தொழிலாளரிடையே இருந்தே கண்காணிப்போரைத் தேர்ந்து, அவர்களுக்குப் பயிற்சி தந்து, குறைகளை அச்சமின்றிச் சொல்ல வழி செய்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்கச் சுங்கத் துறை அந்த ஆலையின் ஆடைகளைத் தடுத்து நிறுத்த ஆணையிட்டது. செப்டம்பரில் அந்தத் தடையை நீக்கிற்று. நீக்கியதற்கு இந்த ஒப்பந்தமும் துணை நின்றது.

இதிலிருந்து நாம் கற்பது என்ன? ஆலைக்குள்ளே நடப்பதை ஆலைக்குள்ளே நிற்கிறவர் சொன்னால்தான் உண்மை வெளிவரும் என்பதே. வெளியிலிருந்து ஆண்டுக்கொரு முறை வந்து பார்த்துவிட்டுப் போகும் தணிக்கையாளர் காணாததை, நாள்தோறும் எந்திரத்தின் முன் நிற்கும் பெண் கண்டாள். பேனா சரியான கைக்குப் போனது; பலன் விளைந்தது. கட்டாய உழைப்பால் ஆன பொருள்களுக்கு ஐரோப்பா விதித்துள்ள தடை 2027 டிசம்பர் 14 முதல் செயல்படவிருக்கிறது. தொழிலாளியைப் பற்றிய வரி கடவுச் சீட்டில் இன்று இல்லாவிட்டாலும் வேறொரு வாசலில் அந்தக் கேள்வி காத்திருக்கிறது. மூன்றாண்டு வேலைக்குப் பின் மொத்தத் தொகை என்று சொல்லி இளம் பெண்களை விடுதிகளில் அடைத்து வைத்த சுமங்கலித் திட்டத்தின் கறையை நம் மில் தொழில் முற்றிலும் துடைத்துக்கொள்வதற்கும் இதுவே தருணம்.

என்ன செய்யலாம்?

குறை சொல்வது எளிது. வழி சொல்வதே கடமை. எனக்குத் தோன்றும் வழிகள் சில.

முதலாவது, பில்லிலே விவரம். நூலின் மீதும் துணியின் மீதும் செய்தவர் பெயரையும் இழையின் கலவையையும் குறிக்க வேண்டும் என்ற விதி 1988 முதலே இந்தியாவில் உண்டு. மீட்டர் கணக்கில் வெட்டி விற்கும்போது அந்தக் குறி முனையோடு போய்விடுகிறது. மில், தறி, சாயப்பட்டறை ஆகிய ஒவ்வொன்றும் தான் செய்ததைத் தன் பில்லிலே எழுதித் தர வேண்டும். அடுத்தவர் அதைத் தன் பில்லிலே ஏற்றித் தர வேண்டும் என்று நம் அரசே சட்டம் செய்யட்டும். ஜி.எஸ்.டி.க்காகப் பில் விவரங்கள் ஏற்கெனவே கணினியில் ஏறுகின்றன. வரிக்காக எழுதத் தெரிந்தவர்களுக்கு வாய்மைக்காக எழுத முடியாதா?

இரண்டாவது, பொதுப் பதிவேடு. இது புதிய கற்பனை அல்ல. 2003 வாக்கில் ஐரோப்பாவுக்குப் போன இந்தியத் திராட்சையிலே பூச்சிமருந்தின் எச்சம் மிகுந்திருந்ததாகப் புகார் எழுந்தது. அப்போது மத்திய அரசின் 'அபெடா' நிறுவனம் என்ன செய்தது? சில ஆண்டுகளில் 'கிரேப்நெட்' என்ற இணையப் பதிவேட்டை அமைத்தது. தோட்டம் தோட்டமாகப் பதிவு, ஆய்வகச் சோதனை, பெட்டி கட்டும் இடம், சான்றிதழ் எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்தன. ஐரோப்பியக் கடையில் இருக்கும் பெட்டியிலிருந்து பின்னோக்கி நடந்தால் தோட்டத்துக்கே வந்து சேரலாம். இரண்டு ஏக்கர் உழவரும் அதிலே இடம்பெற முடிந்தது. தனித்தனியாக ஒவ்வோர் உழவரையும் செய்யச் சொல்லியிருந்தால் நடந்திருக்குமா?

தங்க நகையைப் பாருங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளம் பொறிக்காத ஹால்மார்க் நகையை விற்கக் கூடாது. கைப்பேசியில் அந்த அடையாளத்தைத் தட்டினால் நகையின் தூய்மை தெரிகிறது. சிறிய நகைக்கடைகள் பலவும் இதைச் செய்கின்றன. ஏனெனில் சோதிப்பதற்கு மையம் உண்டு, பதிவதற்கு அரசின் ஏடு உண்டு. பஞ்சிலும் தொடக்கம் ஆகியிருக்கிறது. 2022 டிசம்பரில் இந்தியப் பருத்திக் கழகமும் பருத்தி ஏற்றுமதி வளர்ச்சிக் குழுவும் ஒப்பந்தம் செய்து தொடங்கிய 'கஸ்தூரி' பருத்தித் திட்டத்திலே பேல் ஒவ்வொன்றுக்கும் கியூ.ஆர். கோடு உண்டு. பேலோடு நின்றுவிடாமல் அந்த அடையாளம் கோனுக்கும், கோனிலிருந்து துணிக்கும், துணியிலிருந்து சின்னாளப்பட்டிக் கடையின் பில்லுக்கும் நடந்து வர வேண்டும். நடந்து வந்தால் என் மாணவி செய்ய வேண்டியது ஒன்றே: தான் தைத்ததை மட்டும் தன் கையால் எழுதுவது.

மூன்றாவது, உதவிக் கூடம். அஞ்சல் துறை 2022 முதல் சிறு ஏற்றுமதியாளருக்காக அஞ்சலக ஏற்றுமதி மையங்களை நடத்துகிறது. மாவட்டத் தொழில் மையமும் இருக்கிறது. பார்சல் கட்டும் இடத்திலேயே சீட்டையும் பதிந்து தந்தால் சிறு விற்பனையாளர் இடைத்தரகரிடம் கட்டணம் கட்டி ஏமாற வேண்டியதில்லை. ஐரோப்பாவுக்குள் பொறுப்பேற்கும் ஆளாகவும் ஏற்றுமதிக் குழுக்களே கூட்டாக ஒருவரை அமர்த்தலாம். ஆயிரம் பேர் சேர்ந்து தூக்கினால் தேரும் நகரும்.

நான்காவது, இணையச் சந்தைகளின் கடமை. ஒவ்வொரு விற்பனையிலும் கழிவு எடுத்துக்கொள்கிறவர்கள், விதி மாறும்போது மட்டும் ஒரு மின்னஞ்சலை அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்வது முறையல்ல. கடவுச் சீட்டைக் காட்டுவதற்கு ஏற்றவாறு தங்கள் பக்கங்களை அமைக்க வேண்டும் என்பது அச்சட்டமே அவர்களுக்கு இட்ட கட்டளை. அதோடு விற்பவரின் தாய்மொழியிலே விளக்கம் தருவதும், தவற்றைத் திருத்த அவகாசம் தருவதும் அவர்களுடைய பொறுப்பாக வேண்டும். ஒரே இரவில் கடையைப் பூட்டும் அதிகாரம் யாருக்கும் நல்லதல்ல.

மாணவ நண்பர்களுக்கு

வணிகவியல், பொருளியல், கணினி அறிவியல் பயிலும் மாணவ மாணவியரே! வேலை எங்கே, வேலை எங்கே என்று நாம் வெளியூரைப் பார்க்கிறோம். இதோ வாசலில் ஒரு வேலை வந்து நிற்கிறது. மில்லின் மிக்சிங் கணக்கைப் படிக்கத் தெரிந்தவர், சாயப்பட்டறையின் இரசாயனப் பட்டியலைப் புரிந்துகொள்ளத் தெரிந்தவர், அதைக் கணினியில் முறைப்படி ஏற்றத் தெரிந்தவர், ஐரோப்பிய விதியைப் படித்துத் தமிழில் விளக்கத் தெரிந்தவர் எத்தனையோ பேர் இனித் தேவைப்படுவார்கள். உங்கள் வீட்டிலேயே மில்லுக்குச் செல்லும் அக்கா இருப்பார், தறி ஓட்டும் சித்தப்பா இருப்பார். அவர்களிடம் கேட்டால் பாடப் புத்தகத்தில் இல்லாத பல செய்திகள் கிடைக்கும்.

ஒரே ஓர் எச்சரிக்கை. நாளை நீங்கள் அந்தப் பணியில் அமர்ந்ததும், "ஏதாவது எழுதிப் போடு, யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று யாராவது சொல்வார்கள். காணாத ஒன்றுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். பொய்யான சீட்டு ஒன்று பிடிபட்டால் அந்த ஒரு கம்பெனி மட்டும் கெடுவதில்லை; திண்டுக்கல் என்று எழுதிய அத்தனை பெட்டிகளும் ஐயத்துக்கு உள்ளாகும்.

என் மாணவி இன்றும் தைக்கிறாள். சென்னைக்கும் பெங்களூருக்கும் அனுப்புகிறாள். அண்மையில் பார்த்தபோது, "சார், துணிக்கடையில் இப்போதெல்லாம் நூல் எந்த மில், சாயம் எங்கே போட்டது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். இன்னும் யாரும் சொல்லவில்லை. ஆனால் ஒரு கடைக்காரர் மட்டும், அடுத்த முறை மொத்த வியாபாரி வந்தால் கேட்டு வைக்கிறேன் அம்மா என்றார்" என்றாள்.

அவர் கேட்கட்டும். நாமும் கேட்போம். அரசையும் கேட்க வைப்போம். பதில் சொல்ல வேண்டியவர் பதில் சொல்லும் நாள் வந்தால், வடமதுரை வட்டாரத்து நூல் உலகில் எந்தத் துறைமுகத்திலும் தலை நிமிர்ந்து இறங்கும்.